பன்னெண்டு சென்டி

பன்னெண்டு எப்பிடி வரும்? அதான் டென்னிசனுக்குப் பிடிபடல. பத்துன்னா பத்து, அஞ்சுன்னா அஞ்சு, மனுசன் தப்பு பண்ணினாலும் அந்தத் தப்புக்குன்னு ஒரு மொகம் இருக்கும்லா, பாத்தஒடனே ஆளு யாருன்னு சொல்லிரலாம். பன்னெண்டு சென்டி மொகமில்லாத தப்பு. தெரிஞ்சே போட்டாத்தான் உண்டு. பியூலா டீச்சருக்க வீட்டு முத்தத்துல, முருங்க மூட்டுல, கவுத்துப்போட்ட சிமெண்ட் சட்டி மேல உக்காந்து அவன் பாத்துக்கிட்டே இருக்கான். முன்னால ரெண்டு முக்காலி மேல படுத்துக் கெடக்கு அயினித் தடி, நல்ல மஞ்சளா, வெட்டுன வாசம் போகாம. டீச்சருக்க பின்பறம்புல நின்ன ஒத்த மரம். அறுத்ததுல இவ்வளவு நீளத்துக்குக் கணு இல்லாம வந்தது நாலே நாலு தடி. நாலும் மூலைக் கைக்கு. டீச்சர் புதுசா கெட்டுற டியூசன் ஷெட்டு சதுரம், நாலு மூலையில இருந்தும் ஒவ்வொரு கை சாஞ்சு ஏறி நடுவுல நிக்க குத்துக்கால் உச்சியில கூடணும், அந்த நாலு கைமேலதான் மொத்த ஓட்டுக்கூரையும் நிக்கும். தலைப்பக்கம் சீவியாச்சு. வால்பக்கம்தான் பாக்கி. அதுலதான் பென்சில்ல ஒரு கோடு, கோட்டுக்கு மேல ஜெறினுக்க கோணக் கையெழுத்துல முந்நூத்தி எம்பத்திநாலு. டென்னிசனுக்க தலைக்குள்ள இருக்கது முந்நூத்தி எழுபத்திரெண்டு. பன்னெண்டு கூட. எளவு, எப்பிடி வரும்?

கறண்ட் போயி நேரமாச்சு. கறண்ட் இல்லாம வாள் மிஷின் ஓடாது, அதனால ஒலகமே நிக்கி. ஜெறின் சொல்லிட்டுத்தான் போனான், "அத்தான், ஜங்சன்ல லைன்மேன் நிப்பான், கேட்டுட்டு டீயும் வாங்கிட்டு வாறேன், நீங்க வெயில்ல நிக்காதீங்க, என்னா." வெயில்ல நிக்காதீங்க. மச்சினன், பொண்டாட்டிக்க தம்பி, கூட வேலைக்கு வந்து நாலஞ்சு வருசமாச்சு, இதுக்கு முன்னால எந்தக் காலத்துல இவன் வெயிலப் பத்திப் பேசிருக்கான்? ஓட்டு மேல உச்சிவெயில்ல ஏறி நின்னு ரெண்டுபேரும் ஆள ஆள் ஏசிக்கிட்டு வேல பாத்தவனுங்க. போன கிறிஸ்மஸுக்கு முந்தி டென்னிசன் ஒரு கூரையில இருந்து விழுந்தான், பின்னந்தலையில தையல், ஆஸ்பத்திரி, வீடு, அதுக்கப்புறம்தான் இந்த வெயில் எல்லாம் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் எல்லாரும் மெதுவாப் பேச ஆரம்பிச்சாவ. பாவம்னு பேசுறது ஒரு தினுசு, இது வேற தினுசு, பாலு பொங்குதா பொங்குதான்னு அடுப்பாங்கரையில நின்னு பாப்பாவள்லா, அந்தப் பார்வ. காலையில ஜெறின் போன்ல பேசுனதக் கேட்டான். ஜெறிஷாகிட்டதான், அக்காகிட்ட. பைக்கு பக்கத்துல நின்னு, முதுகக் காட்டிக்கிட்டு, "இல்ல, அவியளுக்குத் தெரியாது… நான் பாத்துக்கிடுதேன் நீ போன வையி." என்னத்த தெரியாது? என்னத்த பாத்துக்கிடுவான்? டென்னிசனப் பாத்ததும் போன பாக்கெட்டுல போட்டுட்டு சிரிச்சான் பாரு ஒரு சிரிப்பு, கள்ளச்சிரிப்புன்னும் சொல்ல முடியாது, நல்ல சிரிப்புன்னும் சொல்ல முடியாது.

செரி, அவனுக்க பக்கமே நின்னு பாப்போம், எங்க தப்பிருப்பான். குத்துக்கால் கனத்துல பாதியக் கழிக்க மறந்தானா? இல்ல, அது தலைப்பக்கம், சீவுறப்பவே கழிச்சாச்சு. புதுசா படிக்கவனுவ பண்ணுத தப்பு ஒண்ணு உண்டு, எறவாரத்துக்கு நேரா எறங்குற நேர்க்கையோட நீளத்த எடுத்து அத ஒண்ணு புள்ளி நாலு ஒண்ணால பெருக்கிட்டு இதாம்ல மூலைக் கைன்னு நிப்பானுவ. பெருக்க வேண்டியது தரையில ஓடுற ஓட்டத்த, சாஞ்சு ஏறுற கைய இல்ல. அப்பிடிப் பண்ணிருந்தா நாநூறத் தாண்டிப் போயிருக்கும், இது தாண்டல. அடிக்கணக்கும் சென்டிக்கணக்கும் கலந்துட்டா? பன்னெண்டு இஞ்சு ஒரு அடி, அங்க பன்னெண்டு வரும், ஆனா இது சென்டி. இப்பிடி ஒவ்வொரு கதவாத் தட்டிப்பாத்தா ஒரு கதவுலயும் ஜெறின் இல்ல. கணக்கு என்ன பெரிய கணக்கு? நடுவுல இருந்து எறவாரம் வர எவ்வளவோ அத அதாலயே பெருக்கி ரெண்டு தடவ வை, ஏன்னா மூலைக் கை ரெண்டு பக்கமும் போவுது, கெழக்கையும் போவுது தெக்கையும் போவுது, ஒரே நேரத்துல. அதோட ஒசரத்த அதாலயே பெருக்கிச் சேரு. வர்க்கமூலம் எடு, முடிஞ்சு. ஒசரம் நூத்தி எம்பது, குத்துக்கால வெட்டி நிறுத்துனதே டென்னிசன், அதுல சந்தேகம் இல்ல. ஓட்டம், அதான் நடுவுக்கும் எறவாரத்துக்கும் உள்ள தூரம், நேத்து சாயங்காலம் டென்னிசனே அளந்தது, இருநூத்தி நாப்பது. டேப்புல முனைக்கொக்கி ஒடஞ்சு மாசக்கணக்காச்சு, அதனால பத்துல பிடிச்சு அளந்து பொறவு பத்தக் கழிப்பாவ, இந்தப்பக்கம் கூரை வேலை பாக்குறவன் பாதிப்பேருக்க டேப்பும் இப்பிடித்தான். இருநூத்தி நாப்பதுல பத்து போனா இருநூத்தி முப்பது. அதப் பெருக்கி, ரெட்டிச்சு, ஒசரத்தச் சேத்து, மூலம் எடுத்தா முந்நூத்தி எழுபத்திரெண்டு. தலைக்குள்ளயே போட்டான், போன்ல போடல. போன்ல போடாம வந்தாத்தான் தல நல்லா இருக்குன்னு அர்த்தம். தெனமும் காலையில பல்லு தேய்க்கும்போதே ரெண்டு மூணு கணக்கு போட்டுப் பாக்குறதுதான், யாருக்கும் தெரியாது.

கேட்டுட்டா என்ன? "லேய் ஜெறினே, இது எங்கருந்துல வந்துச்சு"ன்னு ஒரு வார்த்த. அதான் முடியல. கேட்டா அவன் ஒடனே மொகத்த ஒரு மாதிரி வச்சுக்கிட்டு, "ஏன் அத்தான், ஒங்களுக்கு எவ்வளவு வருது"ம்பான், மெதுவா, ஆஸ்பத்திரியில அந்தச் சின்ன டாக்டர் இன்னைக்கு என்ன கிழமைன்னு கேட்டாம்லா, அந்த மெதுவுல. ராத்திரி அக்காகாரிக்குப் போன் போவும். அத்தானுக்கு அளவு பிசகுது. அப்பிடி ஒரு பேச்சு ஒருக்கா கெளம்பிட்டா முடிஞ்சு சோலி. கூரை வேலையில ஏறத்தெரியணும்னு இல்ல, செதுக்கத்தெரியணும்னுகூட இல்ல, அளவு சொல்லுறவன் ஒருத்தன் இருப்பான், அவன் சொன்னா மத்தவன் வெட்டுவான், அம்புட்டுதான். விழுந்ததுக்குப் பொறவு ஜெறிஷா அவன கூரையில ஏறவிடல, "கீழ நின்னு அளவு மட்டும் சொல்லுங்க, போதும்"னா. அந்த அளவும் போச்சுன்னா அவன் யாரு? முத்தத்துல உக்காந்து ஆணி பொறுக்குறவன். ஆணி பொறுக்குற மாமா. வேணும்னே போட்டிருப்பானோ? பன்னெண்டு கூடப் போட்டு வச்சா, நான் பாத்து சொல்லுதேனா சொல்லலியான்னு பரீட்ச வைக்கானோ? அதுதான், அதேதான், இப்பப் புரியுது, பன்னெண்டுக்கு ஏன் மொகமில்லன்னு இப்பப் புரியுது, பரீட்சையில போடுற நம்பருக்கு மொகம் இருக்காதே! அக்காளும் தம்பியும் சேந்து வச்ச பரீட்ச. அவியளுக்குத் தெரியாது, நான் பாத்துக்கிடுதேன்.

"டென்னிசன், கறண்ட் வரலியா இன்னும்?" பியூலா டீச்சர் வாசல்ல வந்து நிக்காவ, கையில தேங்காச் சில்லு. "சட்னி அரைக்காம நிக்கி எனக்கு."

"வந்துரும் டீச்சர். ஜெறின் கேக்கப் போயிருக்கான்."

"மழைக்கு முன்ன ஓடு போட்டுரலாம்லா? அந்த மரத்துக்கு நான் அழுதது எனக்குத்தான் தெரியும், பாத்து வெட்டுங்க." உள்ள போகத் திரும்புனவிய நின்னாவ. "தல எப்பிடி இருக்கு இப்ப?"

"தலைக்கு என்ன, நல்லா இருக்கு." சிரிச்சான். அவியளும் சிரிச்சுட்டுப் போயாச்சு. ஆனா அந்தக் கேள்வி போகல, முத்தத்துலயே நிக்கி. டீச்சர்கிட்ட தலையப் பத்தி எவன் சொன்னது? டென்னிசன் சொல்லல. விழுந்தது இங்க இல்ல, மூணு ஊரு தள்ளி. பாத்து வெட்டுங்கன்னு சொல்லிட்டு தலையக் கேட்டா, ரெண்டுக்கும் நடுவுல ஒரு நூலு ஓடுதுல்லா? வயசான அயினி மரம் ஒண்ணு இவன நம்பிச் சாஞ்சு கெடக்கு, இவனுக்குத் தல செரியில்லன்னு வீட்டுக்காரிகிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சிருக்கான் மச்சினன். நாளைக்கு ஏதாவது பிசகுனா பழி யாருக்கு விழும்னு இன்னைக்கே எழுதி வச்சாச்சு. எந்திரிச்சான் டென்னிசன். பாக்கெட்டுல உப்புத்தாள் துண்டு இருந்துச்சு. ஜெறின் போட்ட கோட்டு மேல வச்சு நாலு இழு இழுத்தான், எம்பத்திநாலு போச்சு, மஞ்சள் தூளு வெரல்ல ஒட்டிக்கிச்சு. பன்னெண்டு உள்ள தள்ளி மூலைமட்டம் வச்சு புதுக்கோடு போட்டான், மேல முந்நூத்தி எழுபத்திரெண்டு, நல்ல நிமிந்த எழுத்துல. பரீட்சதானே, இந்தா வெட. போட்டு முடிச்சதும் கையெல்லாம் ஒரு குளுமை, என்ன சொகம், விழுந்ததுக்கப்புறம் இவ்வளவு சொகமா அவன் ஒரு கோடு போட்டதே இல்ல. இத வெட்டி, இத மேல வச்சு மத்த மூணையும் குறிச்சு, நாலையும் ஏத்திட்டா தெரியும் யாருக்கு அளவு பிசகுதுன்னு.

பைக்கு சத்தம். ஜெறின் எறங்குனான், ஹாண்டில்ல டீ பிளாஸ்கு, வாயெல்லாம் பல்லு. "அத்தான், லைன்மேன் கம்பி மேல சாஞ்ச மரத்துல ஏறி நிக்கான், எறங்குனா கறண்டு, எறங்கலன்னா மேலயே கஞ்சி ஊத்திரலாம்னு கீழ ஆளுவ நிக்கு." டென்னிசனும் சிரிச்சான், சிரிச்சுக்கிட்டே அவனுக்க கண்ணப் பாத்தான், கண்ணு தடிப்பக்கம் போவுதான்னு. போச்சு. ஒரு வாட்டி போச்சு, அங்கயே கொஞ்சம் நின்னுச்சு, திரும்பி டீ கிளாஸுக்கு வந்துச்சு. வாயத் தெறக்கல. ஏன் தெறக்கல? கோடு மாறிருக்கத பாத்துட்டான், பாத்தும் சொல்லலன்னா என்ன? பரீட்சதான்னு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும். "சீனி போதுமா அத்தான்"ங்கான். சீனி! டென்னிசன் டீயப் பாதியில வச்சுட்டு, கை கழுவிட்டு வாறேன்னு வீட்டுக்குப் பின்னால தண்ணித்தொட்டிப் பக்கம் நடந்தான்.

தொட்டித் தண்ணி குளுகுளுன்னு இருந்துச்சு. வெரல்ல இருந்த மஞ்சள் தூளு தண்ணியில விரிஞ்சு போறதப் பாத்துக்கிட்டு நின்னான். பன்னெண்டு. வேணும்னே ஒரு நம்பரக் கூட்டுறவன் பன்னெண்டயா கூட்டுவான்? பத்தக் கூட்டுவான், இல்ல அஞ்சு, சோம்பேறிக்குப் பத்துதான் லேசு. ஜெறினுக்கு மனக்கணக்கே வராது, டீக்கடையில மிச்சம் வாங்கவே வெரல மடக்குவான். அப்போ முந்நூத்தி எம்பத்திநாலுங்கது கூட்டி வந்தது இல்ல, எங்கயோ கணக்குல இருந்து வந்தது. எந்தக் கணக்குலருந்து? பின்னால நடந்து பாத்தா என்ன, வந்த வழியிலயே திரும்பிப் போனா எங்க போயி நிக்கும்? ஈரக்கையால தொட்டிச் சுவத்துல எழுதுனான், எழுதுனது வெயில்ல காயக் காய மறையுது, மறையுததுக்குள்ள அடுத்தது எழுதணும். முந்நூத்தி எம்பத்திநாலப் பெருக்கு. ஒசரத்தப் பெருக்கி அதுல இருந்து எடு. மீதியப் பாதியாக்கு. அம்பத்தேழாயிரத்து ஐந்நூத்திச் சொச்சம். அதுக்கு மூலம்… மூலம்… இருநூத்தி நாப்பது. அச்சொட்டா இருநூத்தி நாப்பது. அவன் நேத்து அளந்த அதே இருநூத்தி நாப்பது. பத்துக் கழிக்காத இருநூத்தி நாப்பது. ஓ, இந்தப் பயல் பத்தக் கழிக்க மறந்துட்டாம்பா, கள்ளன் அகப்பட்டான்! தரையில பத்துப் போனா மூலைவாக்குல சாஞ்சு ஏறும்போது அது பன்னெண்டாவும், மொகமில்லாத பன்னெண்டுக்கு மொகம் பத்துதான், அவன் தேடுன மொகம் இத்தன நேரம் டேப்புக்குள்ளயே ஒளிஞ்சு நின்னிருக்கு. சிரிப்பு வந்துச்சு டென்னிசனுக்கு. சிரிப்பு பாதியில நின்னுச்சு. ஆனா அளந்தது ஜெறின் இல்லியே. அளந்தது நான்லா. நேத்து சாயங்காலம் நடுவுல குத்துக்கால் மூட்டுல டேப்ப வச்சது, எறவாரம் வர இழுத்தது, குனிஞ்சு பாத்தது. குனிஞ்சப்ப கழுத்துல எறும்பு கடிச்சுது, அது ஓர்ம இருக்கு, மறக்கல. பக்கத்துல டீச்சர் வீட்டுல வெங்காயம் வதக்குற மணம், அதும் ஓர்ம இருக்கு. இருநூத்தி நாப்பதும் ஓர்ம இருக்கு. ஆனா அந்த இருநூத்தி நாப்பது டேப்புல படிச்சதா, படிச்சு, பத்தக் கழிச்சு, வாய்விட்டுச் சொன்னதா? எறும்பு இருக்கு, வெங்காயம் இருக்கு, டேப்பு மட்டும் இல்ல. டேப்பு இருக்கவேண்டிய எடத்துல சும்மா ஒரு வெளிச்சம். கழிச்சதையே காலையில மறுக்க, ரெண்டாவது வாட்டி, கழிச்சிருந்தா? சதுரத்துக்க மொத்தம் என்ன, டீச்சர் சொன்னாவல்லா, பதினாறடி, சுத்தி ஓடுற எறவாரத்தோட பதினாறடிதான் வேணும்னு வாய்விட்டுச் சொன்னாவல்லா, பதினாறடின்னா நாநூத்தி எம்பத்திச் சொச்சம், அதுல பாதி இருநூத்தி நாப்பத்திச் சொச்சம்…

வீட்டுக்குள்ள டீச்சருக்க மிக்ஸி கிர்ருன்னு கத்துச்சு. கறண்ட் வந்தாச்சு. ஒடனே முன்பக்கத்துல இருந்து வாள் மிஷினும் கத்துச்சு.

ஓடுனான். விழுந்ததுக்குப் பொறவு அவன் ஓடுனதே இல்ல, ஓடக்கூடாது, ஆனா ஓடுனான், வீட்டு மூலையில தோள் இடிச்சுது, "நிறுத்துலே, ஜெறினே நிறுத்து நிறுத்து"ன்னு கத்துனது மிஷினுக்குள்ள போயி ஒண்ணுமில்லாம ஆச்சு, அந்த நேரத்துலயும் மனசுக்குள்ள ஒண்ணு சொல்லுது, கத்தாத, வெட்டட்டும், வெட்டுனவன் அவன்தானே, கோடு அழிஞ்சதுக்கு என்ன சாட்சி இருக்கு, அவன்தான் மறந்து மாத்திப் போட்டான்னு சொல்லிட்டாப் போச்சு. சொல்லுறது யாரு, வேற எவனும் இல்ல, இவனேதான், அடுத்தவன் தலையில பழியப் போடுறவன்னு இவ்வளவு நேரமும் ஜெறினுக்குள்ள தேடிட்டிருந்த ஆளு. சுவத்துல தொங்குன பிளக்கப் பிடிச்சு இழுத்தான். வாள் ரெண்டு மூணு சுத்து சுத்தி ஓஞ்சுது. தடியில ஒரு வெரல்கட ஆழம் எறங்கியாச்சு, எழுபத்திரெண்டுக்க கோட்டு மேல, நூலு பிசகாம.

"என்ன அத்தான்? தலசுத்துதா? உக்காருங்க, உக்காருங்க." ஜெறின் மிஷினக் கீழ வச்சுட்டு ஓடிவந்து தோளப் பிடிச்சான்.

"கைய எடுலே. கோட்ட மாத்துனது நான்."

"அது தெரியும். ஒங்க எழுத்துல்லா."

"தெரிஞ்சா பொறவு ஏன்ல வெட்டுன?"

ஜெறின் முழிச்சான். "இது என்ன கேள்வி அத்தான்? நீங்க காரியம் இல்லாமலா மாத்துவிய? மாத்தியாச்சு, வெட்டுனேன்."

டென்னிசன் அழிச்ச கோடு இருந்த எடத்தத் தடவுனான். "அந்த எம்பத்திநாலு… அத நீயாட்டா போட்ட?"

"நானா? எனக்கு இந்த மூலம் எளவெல்லாம் வருமா? நேத்து ஒங்கள பஸ்ஸு ஏத்திவிட நிக்கச்சில நீங்கதானே சொன்னிய. முந்நூத்தி எம்பத்திநாலு, எழுதிக்கோலேன்னு."

பஸ் ஸ்டாப்பு ஓர்ம இருக்கு. தூண்ல சாஞ்சு நின்னது ஓர்ம இருக்கு. ஜெறின் கப்பலண்டிப் பொட்டலம் வாங்கித் தந்தான், கடலையில உப்பு கூட. நம்பர் சொன்னது? வாய் அசஞ்சுதா? இல்ல, ஓர்ம இல்ல. நான்தான் சொன்னேனா, இல்ல இந்தப் பயலே ஒளிச்சு வச்சு அளந்து, போன்ல கணக்குப் போட்டு, இப்ப எனக்க மொகம் வாடக்கூடாதுன்னு நேத்து நீங்கதான் சொன்னியன்னு பொய் சொல்லுதானா? மொகத்தப் பாத்தான். வேர்வையும் மரத்தூளுமா, ஒரு பொய்யும் இல்லாத மொகம். இருபத்தஞ்சு வயசுல அவ்வளவு நல்லாப் பொய் சொல்ல முடியுமா? அன்பு இருந்தா முடியும். அதான் பயம். திட்டம் போடுறவன்னா பிடிச்சிரலாம், அன்பா ஏமாத்துறவன எப்பிடிப் பிடிக்க?

"அக்கா ஒன்ன என்னத்தலே பாத்துக்கிடச் சொன்னா?"

ஜெறின் கால்பெருவெரலால மரத்தூளக் கிண்டுனான். "வெயில்ல நிக்காம…"

"அளவ?"

ஜெறின் மிஷினுக்க வயரச் சுருட்ட ஆரம்பிச்சான். அப்புறம், "…அளவையும்தான். ஆனா ஒருக்காகூட நான் பாக்கல அத்தான், சத்தியமா. பாத்தா ஒங்களுக்குத் தெரிஞ்சிரும்னு பயம்."

மிக்ஸி நின்னுச்சு. பியூலா டீச்சர் முந்தானையில கை தொடச்சுக்கிட்டு வாசலுக்கு வந்தாவ. "கறண்ட் வந்தாச்சுல்லா, ஏன் நின்னாச்சு? அய்யோ, தடியில என்ன அது வெட்டு?"

ஜெறின் வாயத் தெறந்தான். என்ன சொல்லப்போறான்னு டென்னிசனுக்குத் தெரியும், மிஷின் தெறிச்சுட்டு டீச்சர், எனக்க கைப்பிசகு டீச்சர், ஏதோ ஒண்ணு. அவன் சொல்லிட்டா சொன்னதுதான், அப்பிடியே நின்னுரும், டென்னிசன் எப்பவும்போல அளவு சொல்லுறவனா நாளைக்கும் நாளாண்டைக்கும் இருப்பான், அடுத்த தடியில வெட்டு ஒரு வெரல்கடயில நிக்காது.

"எனக்க அளவு தப்பிட்டு டீச்சர்." சத்தம் அவன் நெனச்சத விடப் பெருசா வந்துச்சு, முருங்கையில இருந்த காக்கா பறந்துச்சு. "தலையில அடிபட்டதுக்குப் பொறவு சில நேரம் அப்பிடி ஆவுது. இது வால்பக்கம், ஓட்டுக்கு அடியில போயிரும், தடிக்கு ஒண்ணும் இல்ல. இனி நான் சொல்லுற அளவ இவன் மறுக்க அளந்து பாத்துட்டுத்தான் வெட்டுவான்."

டீச்சர் தடியப் பாத்தாவ, அவனப் பாத்தாவ. "செரி"ன்னாவ. உள்ள போயிட்டாவ.

செரி. அந்த செரியில என்ன இருந்துச்சு? லேசா இழுத்தாவளா? நாளைக்கு வேற ஆளு வருவானா? டென்னிசன் அந்த ஒத்த வார்த்தையத் திருப்பித் திருப்பி வச்சுப் பாத்துக்கிட்டு நின்னான், முன்பக்கம், பின்பக்கம், ஒண்ணும் தெரியல, வெறும் செரியாத்தான் இருக்கும், இல்லாமலும் இருக்கும்.

"அத்தான்," ஜெறின் ஷெட்டுக்குள்ள இருந்து கூப்பிட்டான். குத்துக்கால் மூட்டுல முட்டுப்போட்டு உக்காந்திருக்கான், டேப்பு கையில. "வாங்க, ஒத்தையில எப்பிடி அளக்க? அந்தத் தலைய யாரு பிடிப்பா?"

டென்னிசன் போயி எறவாரத்துக்குக் கீழ உக்காந்தான். டேப்ப இழுத்து, கட்டைவெரலால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு சொன்னான், "வாசி. சத்தமா வாசி. எனக்கு நம்பிக்க வர்ற மாதிரி வாசி."

ஜெறின் வாசிச்சான். டென்னிசன் டேப்பு மேல ஒரு ஓட்டுத்துண்ட வச்சுட்டு எந்திரிச்சு, அவனத் தள்ளிவிட்டு, குனிஞ்சு தானும் ஒருக்கா பாத்தான்.